மாற்றிய எஞ்சினும் ஆக்சிஜன் சென்சாரும்: தண்டையார்பேட்டைக் கார் ஒன்றில் பார்த்தது

ஹெட்டர் (எஞ்சின் புகையை வெளியேற்றும் தனிக் குழாய்த் தொகுதி) போட்டு, கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றி, புகையின் நச்சைக் குறைக்கும் கன்வெர்ட்டரை வெட்டி எடுத்த பெட்ரோல் எஞ்சினுக்கு ஆக்சிஜன் சென்சார் தேவையா? தேவை. கம்பெனியில் இருந்து வந்தபடியே ஓடும் எஞ்சினைவிட அதிகமாகவே தேவை. ஆனாலும் வட சென்னைப் பட்டறைகளில் "செட்டிங் மாத்தியாச்சு, இனி சென்சார் எதுக்கு?" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. விவரம் தெரியாமல் பேசுகிறார்கள் என்று அதைத் தள்ளிவிட முடியாது. சென்சாரைக் கழற்றியதும் வண்டி நிஜமாகவே கொஞ்சம் நன்றாக ஓடியதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஏன் அப்படி ஓடியது என்பதுதான் கேள்வி. எங்கள் ஷெட்டுக்கு வந்த ஒரு காரில் அதற்கு விடை கிடைத்தது.

வண்டி

2011 மாடல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், பி.எஸ்.4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது. சென்னையில் அந்த விதி 2010 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. உள்ளே போகும் காற்றை நேராக அளக்கும் மீட்டர் இந்த எஞ்சினில் கிடையாது. மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயில்) இருக்கும் அழுத்தம், காற்றின் சூடு, ஆர்.பி.எம். ஆகிய மூன்றையும் வைத்து, இவ்வளவு காற்று போயிருக்கும் என்று இ.சி.யு., அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்தக் கணக்கு கம்பெனி கேமையும் கம்பெனி சைலன்சரையும் வைத்து எழுதப்பட்டது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

உரிமையாளர் தண்டையார்பேட்டைக்காரர், துறைமுகத்தில் வேலை பார்க்கும் இளைஞர். வேறு ஒரு பட்டறையில் நான்கு-இரண்டு-ஒன்று ஹெட்டர் போட்டிருந்தார். வால்வைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும் கேம், கோன் வடிவ ஏர் ஃபில்டர் எல்லாம் ஏறியிருந்தன. கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் நேர் பைப். சென்சாரை மட்டும் ஹெட்டரின் நான்கு குழாயும் ஒன்று சேரும் இடத்தில் நட் வெல்டு வைத்து மாட்டியிருந்தார்கள். அதுவரை முறையான வேலைதான்.

வேலை முடிந்த சில வாரத்திலேயே பெட்ரோல் குடிக்க ஆரம்பித்திருக்கிறது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றால் பக்கத்து ஆட்டோக்காரர் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு நெடி. மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கேனர் போட்டதில் பி 0171, அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை என்ற எரர் கோடு. சென்சார் போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார்கள். அதே கோடு, அதே நெடி. கடைசியில் கனெக்டரைப் பிடுங்கிவிட்டார்கள். மைலேஜ் சற்று ஏறியது, நெடி சற்றுக் குறைந்தது. எரிந்துகொண்டே இருந்த விளக்குக்கு மீட்டரைக் கழற்றிக் கறுப்பு டேப் ஒட்டியாயிற்று.

"சென்சாரை மாட்னா குடிக்குதுண்ணா, கழட்டி வுட்டா பரவால்ல" என்றுதான் அவர் எங்களிடம் சொன்னார். வந்த காரணம் வேறு. மணலி விரைவுச் சாலையில் மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால், 4,500 ஆர்.பி.எம். தாண்டும்போது எஞ்சினில் இருந்து கற்களைக் குலுக்குகிற மாதிரி சத்தம். நாக்கிங், அதாவது கலவை நேரம் தப்பித் தானாகவே வெடிப்பது. சென்சார் இருந்தவரை அந்தச் சத்தம் இல்லை என்பதையும் அவரே சொன்னார். அந்த ஒரு வாக்கியம் பாதி வேலையை மிச்சப்படுத்தியது.

சென்சார் என்ன பார்க்கிறது

ஒரு வரியில் சொல்வதானால், எரிந்து வெளியே வரும் புகையில் மிச்சம் ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்க்கிறது. முனையில் இருக்கும் சிர்கோனியா பீங்கானின் ஒரு பக்கம் புகை, மறு பக்கம் வெளிக்காற்று. 300 டிகிரிக்கு மேல் சூடானால் இரண்டு பக்க ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் வரும். பெட்ரோல் கூடுதலாக இருந்தால் 0.9 வோல்ட்டுக்குப் பக்கத்தில், காற்று கூடுதலாக இருந்தால் 0.1 பக்கத்தில். நடுவில் 0.45. சூடான, நல்ல எஞ்சினில் இந்த மதிப்பு மேலும் கீழும் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் இ.சி.யு. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் கூட்டும், குறைக்கும். அப்படிக் கூட்டிக் குறைத்த சதவீதத்தைத்தான் ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம் என்று பார்க்கிறோம். 1976இல் போஷ் தயாரிக்கத் தொடங்கிய காலத்தில் இருந்து அடிப்படை இதுதான்.

பெட்ரோல் கூடவா குறையவா என்று மட்டும்தான் இந்தச் சாதாரண சென்சார் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. முழு ஆக்ஸிலேட்டரில் இ.சி.யு. பெரும்பாலும் இதைக் கேட்பதும் இல்லை, உள்ளே எழுதியிருக்கும் மேப்பை (எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணையை) பார்த்துத் தெளித்துவிடும்.

முதலில் பிளக்

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினோம். நான்கிலும் அடுப்புக் கரி மாதிரி உலர்ந்த, விரலில் ஒட்டும் கறுப்பு. டிப்ஸ்டிக்கை மோந்தால் ஆயிலில் பெட்ரோல் வாசனை. சந்தேகமே இல்லை, பெட்ரோல் அதிகம் போகிறது. ஆனால் மேலே போனால் நாக்கிங். அது பெரும்பாலும் பெட்ரோல் குறையும்போது வருவது. கீழே ரிச் (பெட்ரோல் அதிகம்), மேலே லீன் (பெட்ரோல் குறைவு), ஒரே எஞ்சினில். சென்சாரை மாட்டியிருந்த காலத்தில் இதே எஞ்சின் பெட்ரோல் போதவில்லை என்று கோடு போட்டுக்கொண்டே பெட்ரோலைக் குடித்திருக்கிறது.

எங்களோடு இருக்கும் மூத்த மேஸ்திரி, கார்புரேட்டர் காலத்து ஆள், அப்போதே ஒரு கேள்வி கேட்டார்: "சோழவரத்துல ஓடின வண்டிக்கெல்லாம் எந்த சென்சார் இருந்துச்சு தம்பி?" நியாயமான கேள்வி. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் வருவதற்கு முன்னால் சோழவரத்தின் பழைய விமானத் தளத்தில்தான் மெட்ராஸின் பந்தயங்கள் நடந்தன. அந்த வண்டிகளில் சென்சார் கிடையாது, உண்மைதான். ஆனால் அன்று பிளக்கின் நிறத்தைப் பார்த்து ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) மாற்றும் ஒரு மனிதர் கூடவே இருந்தார். ஓடுவதும் முழு ஆக்ஸிலேட்டரில் ஓடும். திருவொற்றியூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் அரை மணி நேரம் ஐடிலில் நிற்கும் வேலை அவற்றுக்கு இல்லை. அந்த மனிதர் செய்த வேலையைத்தான் இன்று சென்சார் ஓயாமல் செய்கிறது. இதை அவரிடம் சொன்னபோது முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. சரி, வண்டியே சொல்லட்டும் என்று மேலே போனோம்.

சென்சாரைத் திரும்ப மாட்டியபோது

கனெக்டரைப் பார்த்ததும் ஒரு விஷயம் உறுத்தியது. புது சென்சாரின் ஒயர்களை முறுக்கி, ஈயம் வைத்து, மேலே கிரீஸ் பூசி டேப் சுற்றியிருந்தார்கள். கடல்காற்றில் பச்சை பூக்காமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் செய்த வேலை. காசிமேடு, ராயபுரம் பக்கம் நிற்கும் வண்டிகளில் கனெக்டர் பச்சை பூப்பது சாதாரணம். ஆனால் பெரும்பாலான சென்சார்கள் உள்ளே ஒப்பிட வேண்டிய வெளிக்காற்றை ஒயரின் உறைக்குள் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. ஈயமும் கிரீஸும் அந்த வழியை அடைத்துவிடும். வெட்டி எடுத்து, கிரிம்ப் போட்டு, சீல் உள்ள கனெக்டர் வைத்தோம்.

எஞ்சினைச் சூடாக்கி ஸ்கேனரைப் பார்த்தால், ஐடிலில் சென்சார் 0.1இல் படுத்துக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் டிரிம் பிளஸ் 25க்கு ஏறி நின்றுவிட்டது. அதற்கு மேல் கூட்ட அந்த இ.சி.யு.வுக்கு அனுமதி இல்லை. ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்துவிட்டால் 0.9க்குத் துள்ளித் திரும்பி விழுந்தது. ஆக, சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. 3,000 ஆர்.பி.எம்மில் பிடித்து வைத்தால் டிரிம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது.

ஐடிலில் மோசம், மேலே பரவாயில்லை என்றால் பலரும் இன்டேக் பக்கம் காற்று கசிகிறது என்று சொல்லிவிடுவார்கள். அதுவும் இதே குறியைத்தான் காட்டும். மேனிஃபோல்ட் கேஸ்கெட், வேக்குவம் ஹோஸ் எல்லாவற்றிலும் கிளீனர் அடித்துப் பார்த்தோம், ஐடில் அசையவில்லை. அதோடு இன்டேக் கசிவாக இருந்தால் பிளக் இப்படிக் கறுத்திருக்காது.

பிரித்துக் காட்டியது புகைச் சான்றிதழ் மையத்தின் கருவி. பி.எஸ்.4 வண்டிகளுக்கு லாம்டா (சரியாக எரியத் தேவையான காற்றைப் போல எத்தனை மடங்கு காற்று கலவையில் இருக்கிறது என்ற எண்) பார்க்க வேண்டியிருப்பதால் அங்கே இருக்கும் கருவி கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், கார்பன் டையாக்சைடு, ஆக்சிஜன் நான்கையும் காட்டும். கேட்டுக்கொண்டு, சான்றிதழுக்காக இல்லாமல் அளந்து மட்டும் பார்த்தோம். ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 4 சதவீதத்துக்கு மேல். ஆக்சிஜனும் 3க்கு மேல். பெட்ரோல் நிஜமாகவே குறைந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு இருந்த இடம் தெரியாது. இவ்வளவு கார்பன் மோனாக்சைடு வரும் அளவுக்கு ரிச்சாக, மிஸ்ஃபயர் (எரியாமல் தவறுவது) இல்லாமல் எரிந்த புகையில் இவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்காது. இரண்டும் சேர்ந்து இருந்தால், எரிந்து முடித்து வெளியே வந்த பிறகு வழியில் எங்கோ காற்று கலந்திருக்கிறது.

சோப்பு நுரை

ஹெட்டரில் கசிவு இருக்கும் என்று தெரிந்துவிட்டது. எங்கே? எஞ்சின் ஆறிய பிறகு வேக்குவம் கிளீனரின் காற்று ஊதும் பக்கத்தை டெயில் பைப்பில் துணி சுற்றிச் செருகினோம். ஹெட்டர் முழுக்க சோப்புத் தண்ணீர் அடித்தோம். நான்கு குழாய் இரண்டாகச் சேரும் இடத்தில், ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்த இணைப்பைச் சுற்றி மீன் முட்டை மாதிரி நெருக்கமாகச் சின்னச் சின்ன நுரை. சிலிண்டர் ஹெட்டோடு சேரும் ஃபிளாஞ்சில் மூன்றாம் சிலிண்டர் பக்கம் ஒரே ஒரு பெரிய குமிழ், ஊதுவதும் உடைவதுமாக. அந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தால் கரி ஓடிய கோடு மெல்லிசாகத் தெரிந்தது. ஸ்கேலை வைத்தால் ஃபிளாஞ்ச் தகடு வெல்டிங் சூட்டில் வளைந்திருந்தது கண்ணுக்கே புலப்பட்டது.

கசிவு என்றால் புகை வெளியேதானே போகும், காற்று எப்படி உள்ளே வரும் என்று கேட்பார்கள். புகை குழாயில் சீராக ஓடுவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஒரு நொடிப்பொழுது அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே போகும். அப்போது ஓட்டை உள்ளே இழுக்கும். ஐடிலில் துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், புகையும் குறைவு. அதனால் கலக்கும் காற்றின் பங்கு பெரிது. வேகம் ஏறினால் பங்கு சிறுத்துவிடும். டிரிம் 25இல் இருந்து ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதன் காரணம் இதுதான்.

ஆக, சென்சார் பொய் சொல்லவே இல்லை. தன் முன்னால் போகும் புகையில் ஆக்சிஜன் இருக்கிறது என்று சரியாகவே சொன்னது. அது சிலிண்டரில் இருந்து வந்ததல்ல என்பது அதற்குத் தெரியாது. இ.சி.யு. நம்பியது, கூட்டியது, இன்னும் கூட்டியது. புது சென்சார் போட்டாலும் அதையேதான் சொல்லும். கனெக்டரைப் பிடுங்கியதும் அந்த 25 சதவீதம் போனது. பரவாயில்லை என்று தோன்றியது அதனால்தான்.

ஃபிளாஞ்சை மில்லிங் போட்டுச் சமப்படுத்தி, புது கேஸ்கெட் வைத்து, செருகு இணைப்பை வியாசர்பாடியில் ஒரு பட்டறையில் முழுசாக வெல்டு வைத்து வாங்கினோம். கேஸ்கெட்டுக்குப் பதிலாக சிலிகான் பேஸ்ட்டை அப்பிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டவே வேண்டாம். சென்சாருக்கு ஏற்றது என்று அட்டையில் போடாத சிலிகான் சூட்டில் ஆவியாகி, முனையில் வெள்ளைப் பொடியாகப் படிந்து சென்சாரைக் கொன்றுவிடும்.

கசிவு போன பிறகு தெரிந்தது

சென்சார் ஆட ஆரம்பித்தது. ஆனால் ஐடிலில் டிரிம் இப்போது மறுபக்கம், மைனஸ் 12 பக்கம் போய் நின்றது. அதாவது மேப்பில் இருக்கும் அளவை அப்படியே தெளித்தால் பெட்ரோல் அதிகம். காரணம் கேம். இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் கூடியதால் ஐடிலில் வேக்குவம் குறைந்துவிட்டது. மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறியதைப் பார்த்த இ.சி.யு., காற்று அதிகமாக வந்திருக்கிறது என்று நினைத்தது. உள்ளே அவ்வளவு புதுக்காற்று இல்லை, ஒரு பங்கு பழைய புகைதான். சென்சாரைப் பிடுங்கியும் பிளக் கறுத்தே இருந்ததன் மர்மம் இங்கே அவிழ்ந்தது. சென்சார் இல்லாமல் ஐடிலில் ரிச்சாக ஓடியதை மைனஸ் பக்கம் இழுக்க ஆள் இல்லை.

மேல் வேகத்தில் நேர்மாறு. அங்கே கேமும் ஹெட்டரும் தங்கள் வேலையைச் செய்து கூடுதல் காற்றை நிஜமாகவே உள்ளே தள்ளுகின்றன. மேப்புக்கு அது தெரியாது. இதோடு இன்று பங்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலையும் சேர்த்துப் பாருங்கள். கலப்பில்லாத பெட்ரோலில் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கு, 20 சதவீதம் எத்தனால் கலந்தால் 13.5 அளவுக்கு இறங்கும். அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதலாகத் தெளிக்க வேண்டும். 2011இல் எழுதிய மேப் இதை நினைத்துப் பார்த்திருக்காது. சென்சார் இருந்தால் டிரிம் அதை ஈடுகட்டும். பல இ.சி.யு.க்கள் நீண்ட நாள் கற்ற டிரிமை முழு ஆக்ஸிலேட்டரிலும் சேர்த்துக்கொள்ளும். இந்த வண்டியில் கசிவால் வந்த தப்பான கூடுதல் பெட்ரோலே நாக்கிங்கை மறைத்து வைத்திருந்தது. சென்சாரைப் பிடுங்கியதும் மறைப்பு விலகியது.

இதெல்லாம் ஊகமாக நிற்கக் கூடாது என்பதால் வைட்பேண்ட் சென்சார் வைத்தோம். இது கூடவா குறையவா என்பதோடு எவ்வளவு என்றும் சொல்லும். ஹெட்டரில் இரண்டாவது நட் வெல்டு வைத்தபோது கடிகாரத்தில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே வருகிற மாதிரி மேல்பக்கம் வைத்தோம். கீழே பார்த்து இருந்தால் குளிர்ந்த பைப்பில் தேங்கும் நீர் சூடான பீங்கானில் பட்டு விரிசல் விடும். எண்ணைக் காற்று-பெட்ரோல் விகிதமாகப் பார்க்காமல் லாம்டாவாகவே பார்த்தோம். எத்தனால் எவ்வளவு கலந்திருந்தாலும் லாம்டா 1 என்றால் சரியான கலவைதான், குழப்பம் இல்லை.

அதிகாலையில், டிரெய்லர் லாரிகள் கூடுவதற்கு முன்னால், சத்தம் வரும் வேகத்தைத் தொட்டுத் தொட்டு விட்டோம். முழு ஆக்ஸிலேட்டரில் லாம்டா 0.96. இந்த மாதிரி எஞ்சினுக்கு அங்கே 0.86, 0.88 வேண்டும். இக்னிஷனும் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) கம்பெனி மேப்பில் இருந்தபடியே முன்னால் இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் அப்படியே ஓட்டியிருந்தால் பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் விளிம்பு உடைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

என்ன செய்தோம்

கம்பெனி இ.சி.யு.வையே ரீமேப் செய்தோம். ஐடில் பகுதியில் குறைத்தோம், மேலே கூட்டினோம், நாக்கிங் வந்த இடத்தில் இக்னிஷனைச் சற்றுப் பின்னால் இழுத்தோம். ஒவ்வொரு மாற்றத்தையும் வைட்பேண்டைப் பார்த்தே செய்தோம். முடிவில் முழு ஆக்ஸிலேட்டரில் 0.87, ஐடிலிலும் சாதாரண ஓட்டத்திலும் டிரிம் பிளஸ் மைனஸ் 5க்குள். மீட்டரில் இருந்த கறுப்பு டேப்பை உரித்து எறிந்தோம்.

கன்வெர்ட்டரைத் திரும்ப வைக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக நின்றோம். உரிமையாளருக்குச் செலவு, முதலில் மனமில்லை. ஆனால் லாம்டா எவ்வளவு சரியாக இருந்தாலும், கன்வெர்ட்டர் இல்லாத எஞ்சினில் இருந்து அரை சதவீதத்துக்கு மேல் கார்பன் மோனாக்சைடு வரும். பி.எஸ்.4 வண்டிக்கு ஐடிலில் அனுமதி 0.3 சதவீதம். 2,500 ஆர்.பி.எம். பக்கத்தில் 0.2, அதோடு லாம்டா 0.97க்கும் 1.03க்கும் நடுவில் இருக்க வேண்டும். ட்யூனிங் மட்டும் வைத்து நேர்வழியில் இந்தச் சோதனையில் தேற முடியாது. மணலியும் எண்ணூரும் ஏற்கெனவே சுவாசிப்பது போதும், நாம் வேறு சேர்க்க வேண்டாம் என்பதும் எனக்கு முக்கியம். கன்வெர்ட்டர் வேலை செய்யவும் சென்சார்தான் வேண்டும். கலவை லாம்டா 1ஐ ஒட்டி மேலும் கீழும் ஆடினால்தான் அது மூன்று நச்சு வாயுக்களையும் ஒன்றாகச் சமாளிக்கும். திரும்ப அளந்தபோது எல்லா எண்ணும் வரம்புக்குள் வந்தது.

மேஸ்திரியின் கேள்விக்கு வருவோம். கார்புரேட்டர் எஞ்சினுக்கு ஓடுவதற்குச் சென்சார் வேண்டாம், இருந்தாலும் அதன் பேச்சைக் கேட்க அங்கே ஆள் இல்லை. ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் ஆர்.பி.எம்மையும் மட்டும் வைத்து ஓடும் முழுப் பந்தய எஞ்சினிலும் ஓட்டத்தின்போது தேவைப்படாது. மிக முரட்டு கேம் போட்ட எஞ்சினில், எரியாத காற்றும் பெட்ரோலும் சேர்ந்தே வெளியேறுவதால் ஐடிலில் சென்சார் தப்பாக லீன் என்று காட்டும். அங்கே ஐடிலில் மட்டும் அதைக் கேட்காதபடி மேப்பில் வைப்பதுதான் முறை. இந்த எஞ்சின்களிலும்கூட மேப்பையோ ஜெட்டையோ செட் செய்யும் நாளில் வைட்பேண்ட் இருந்தால் வேலை சுத்தமாக முடியும். அதை அவர் ஒத்துக்கொண்டார். தெருவில் ஓடும் இன்ஜெக்ஷன் வண்டிக்கு இந்த விலக்கு எதுவும் பொருந்தாது.

இன்னொன்றையும் உரிமையாளரிடம் மறைக்காமல் சொன்னோம். பதிவுச் சான்றில் இருக்கும் விவரங்கள் கம்பெனி குறித்தவற்றில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புகை வரம்புக்குள் இருக்கிறது என்பது இதற்குப் பதிலாகாது. கம்பெனி கேமும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அவரிடம் பத்திரமாக இருக்கின்றன. திரும்பப் போடுவதானால் வேலை எங்களுடையது என்று சொல்லியிருக்கிறோம்.

வைட்பேண்ட் மீட்டர் டாஷ்போர்டில் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டார், விட்டுவைத்தோம். ஒரு நிபந்தனையோடு: வைட்பேண்டின் கன்ட்ரோலரை எப்போதாவது கழற்றினால் அன்றே 22 நம்பர் ஸ்பேனரைப் போட்டு அதன் சென்சாரையும் கழற்றி, நட்டை அடைத்துவிட வேண்டும். சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் ஓடாமல் புகையில் சும்மா கிடந்தால் அது சீக்கிரமே கரி படிந்து வீணாகிவிடும். வெல்டு வைத்த இணைப்பும் ஃபிளாஞ்சும் சூடாகி ஆறி மறுபடி கசிய வாய்ப்புண்டு. ஐடிலில் டிரிம் பிளஸ் பக்கம் இரட்டை இலக்கத்துக்கு ஏறினால் சென்சார் கடைக்குப் போகாமல் முதலில் சோப்புத் தண்ணீரோடு வரச் சொல்லியிருக்கிறோம்.